வீடும் அசையவில்லை, பள்ளிக்கூடமும் அசையவில்லை

சாலையில் இறங்குமுன் சிவனேஸ்வரி முதலில் தவறான பக்கம்தான் பார்ப்பார். வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் ஜெர்மனியில் கழித்த வருடங்கள் கழுத்திலேயே தங்கிவிட்டன. பிறகு தலையை ஒருமுறை உதறிக்கொண்டு லண்டன் பக்கம் திரும்புவார். "ரெண்டு நாட்டுக்கும் பாத்தா ஒரு காரும் தப்பாது" என்பது அவர் சமாதானம். அதன் பிறகே மஞ்சள் மேலங்கியோடும், உச்சியில் வட்டப் பலகை பூட்டிய நீண்ட கம்போடும் நடுச்சாலைக்குப் போய் நிற்பார். லண்டனின் மோர்டனில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் வாகனங்கள் நின்றுவிடும். பிள்ளைகள் கடப்பார்கள். உள்ளூர்க் கவுன்சில் அவருக்குக் கொடுத்த வேலை அது.

போலந்துப் பிள்ளையோ சோமாலியப் பிள்ளையோ, அவர் பேசுவது தமிழில்தான். "ஓடாதேங்கோ, றோட்டு ஒரு இடமும் போகாது" என்றால் அவர்கள் நடக்கிறார்கள். சப்பாத்து நாடா அவிழ்ந்த பிள்ளையை மறித்து, கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து கட்டிவிடுவார். நிற்காமல் போகும் காருக்கு மட்டும் ஜெர்மன் மொழி. திட்டுவதற்கு அந்தப் பாஷைதான் வாய்க்கு வசதி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். என் மகனும் அவர் கம்பைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறான். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

அவருக்கு ஒரே மகள், சுவர்ணா. கலியாணமாகி நெடுங்காலம் காத்திருந்து பிறந்தவள். வீடு சாலையின் எதிர்ப்பக்கத்தில், பேக்கரிக்குப் பின்னால் இருக்கிறது. பள்ளி மணி அடித்தால் அவர் சமைக்கும் குசினியில் கேட்கும். நான்கு வயதானதும் இந்தப் பள்ளிக்குத்தான் வருவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இதற்கிடையில் பள்ளியின் பக்கத்தில் இருந்த கம்பளக் கிடங்கை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பினார்கள். மாடி மாடியாகக் குடும்பங்கள் வந்தன. பள்ளியில் இடம் போதவில்லை. யாருக்கு முன்னுரிமை என்று காட்டும் எல்லையைக் கவுன்சில் மாற்றி வரைந்தது. புதிய கோடு சிவனேஸ்வரி நிற்கும் சாலையின் நடுவாக ஓடியது. அடுக்குமாடி உள்ளே, பேக்கரிப் பக்கம் வெளியே. சுவர்ணாவுக்குப் பேருந்தில் போகவேண்டிய இன்னொரு பள்ளியில் இடம் கொடுத்தார்கள்.

"வீடும் அசையேல்லை, பள்ளிக்கூடமும் அசையேல்லை. பிறகு என்னெண்டு நாங்கள் தூரமானனாங்கள்?" என்று என்னிடம் கேட்டார். அங்கலாய்ப்பு அல்ல, உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை விளக்கத் தொடங்கினேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது.

சிவனேஸ்வரியும் கணவரும் அப்பீல் செய்தார்கள். விசாரித்த குழுவினர் மேசையில் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார்களாம். தினமும் நடுச்சாலையில் நிற்கும் தான் கோட்டின் எந்தப் பக்கத்து ஆள் என்று சிவனேஸ்வரி கேட்டாராம். அவர்கள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், பிறகு முடியாது என்றார்கள். "நல்ல ஆக்கள்தான்" என்றார் என்னிடம். அதுவும் அவருக்கு விளங்காத ஒன்றாகவே இருந்தது.

அடுக்குமாடியிலிருந்து வரும் றூபினி மலேசியாக்காரர். சுவர்ணா வயதில் அவருக்கும் ஒரு மகள். அவளுக்கு இங்கே இடம் கிடைத்துவிட்டது. சுவர்ணாவுக்கு இடமில்லை என்று தெரிந்த அன்று காலை, மகளோடு எதிர்ப்பக்கப் பேக்கரிக்குப் போக வந்தவர் கடக்காமல் ஓரமாக நின்றார்.

"அக்கா, எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஸ்கூல் பக்கத்துலன்னு சொல்லித்தான் வீட்ட வித்தாங்க."

"நான் உங்களில கோவிக்கேல்லை" என்றார் சிவனேஸ்வரி. பிறகு சற்று யோசித்து, "ஆரில கோவிக்கிறதெண்டுதான் தெரியேல்லை" என்றார். றூபினியின் மகள் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார்.

வேலையை விட்டுவிட்டு மகளைத் தானே கூட்டிப்போவதா என்று அந்தக் கோடை முழுவதும் தடுமாறினார். இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. விலகப்போவதாகச் சொல்லத் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனவர், தனக்குப் பதிலாக இன்னொருவரைப் போட கவுன்சில் எண்ணவில்லை என்று அறிந்து திரும்பி வந்தார். "அதுகள் சின்னனுகள், என்ன செய்ததுகள்?" என்று கடக்கும் பிள்ளைகளை நினைத்து வேலையை விடவில்லை. கணவர் கமலநாதன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். வேலை முடிந்து வந்ததும் தூங்காமல் மகளைக் கூட்டிப்போகிறேன் என்றார்.

செப்டம்பரில் பள்ளி தொடங்கிய முதல் காலை. இந்தப் பள்ளியின் நீலச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாகக் கடந்துகொண்டிருந்தார்கள். வந்த பேருந்து கம்பைக் கண்டு நின்றது. மேல்தட்டின் முன் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் ஒட்டியிருந்தன. மற்றப் பள்ளியின் பச்சைச் சட்டையில் சுவர்ணா. பக்கத்தில் கமலநாதன் கண் மூடியிருந்தார்.

கடைசிப் பிள்ளையும் நடைபாதையில் ஏறிவிட்டது. சிவனேஸ்வரி நகரவில்லை. ஒரு கையால் கம்பைப் பிடித்தபடி, மறு கையைத் தன் கழுத்தடிக்குக் கொண்டுபோய் பொத்தான் பூட்டுவதுபோல் காட்டினார். மேலே பிள்ளை குனிந்து தன் கம்பளிச்சட்டையைத் தடவித் தேடி அந்தப் பொத்தானைப் பூட்டி முடிக்கும்வரை, பேருந்து அங்கேயே நின்றது.