லிசாவின் சப்பாத்துப் பை

எண்பதுகளில் பாரிஸின் லா சப்பலில் எங்கள் பக்கத்து அறையில் பிலிப்பைன்ஸ்காரி லிசா இருந்தாள். மணிலாவில் அவள் தங்கை அயலிலுள்ள எட்டுப் பிள்ளைகளோடு ஒரு பாலே நடனக் குழு தொடங்கியிருந்தாள். அவர்களுக்கு அனுப்ப, தான் துப்புரவு செய்யும் நடனப் பள்ளியில் காலில் போட்டு ஆடிக் கழித்துவிட்ட சப்பாத்துகளை லிசா சேர்த்தாள். ஒருநாள் அந்தப் பையை என்னிடம் தந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

“சாமிப்படம் இருக்கிற அறைக்குள்ளை சப்பாத்தோ?” என்று எனக்குள் சொல்லி, அதை வெளியே படியில் வைத்தேன். குப்பையென்று யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

மாலையில் தலைகுனிந்து சொன்னேன். லிசா தன் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். “உங்கள் வழக்கத்தை நான்தான் கேட்டிருக்க வேண்டும்,” என்று பிரெஞ்சில் சொன்னாள். மறுநாளே திரும்பவும் சேர்க்கத் தொடங்கினாள். கிழிசல்களை நான் தைத்துக் கொடுத்தேன்.

சில வருடங்களில் குழு வளர்ந்து, மணிலாவிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. மேடை நிறையப் பிள்ளைகள், எல்லார் காலிலும் சப்பாத்து. அது இன்றும் எங்கள் சாமிப்படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.