நாட்டோ தின்றவர்களுக்கு இடமில்லை

சாகே என்ற அரிசி மது செய்யும் எங்கள் பட்டறைக்கு வருபவர்களின் பெயரைக் கேட்பதற்கு முன், காலையில் என்ன தின்றார்கள் என்றுதான் கேட்பாள் என் மனைவி மிட்சுயோ. நாட்டோ என்றால் வாசலோடு சரி. புளித்த அந்தச் சோயாப் பயறின் கிருமி கையோடு ஒட்டி வந்து, சாகேக்காக அரிசியில் நாங்கள் வளர்க்கும் பூஞ்சையை அழித்துவிடும். நான் இந்த வீட்டோடு மாப்பிள்ளை. என் குடும்பப் பெயரை விட்டது கூட வலிக்கவில்லை, நாட்டோவை விட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

பக்கத்தில் மூடிப்போன உலோகப் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவிய ரசாயனம் மண்ணில் இறங்கி எங்கள் கிணற்றையும் தெருக் கிணறுகளையும் கெடுத்தது. குழாய்த் தண்ணீரில் சாகே செய்வதற்குப் பதில் கதவைப் பூட்டிவிடலாம் என்றாள் மிட்சுயோ. அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்தார்கள். மண்ணுக்குள் கிருமிகளை ஏவினால் விஷத்தைத் தின்றுவிடுமாம், அதற்கு எங்கள் முற்றத்தில் குழாய் இறக்க வேண்டுமாம். முடியவே முடியாது என்றுவிட்டாள். தெருவே எங்களைக் கரித்துக் கொட்டியது.

மக்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று ஆராய்கிற குசகாபே என்ற பெண்ணை அடுத்து அனுப்பினார்கள்.

“காலையில என்ன சாப்ட்டீங்க?”

“சோறும் நாட்டோவும்.”

“அப்ப அங்கயே நில்லுங்க, டீச்சரம்மா.”

மழையில் நின்றாள், பாவம். நான் குடை கொடுத்தேன்.

“கிருமின்னா பயமாம்மா உங்களுக்கு?” என்று மிட்சுயோவைக் கேட்டாள்.

“பயமா? என் பொழப்பே கிருமிதான். ஊர் பேர் தெரியாததை வீட்டுக்குள்ள விடமாட்டேன். உங்களையே விடலையே.”

குசகாபே சிரித்துவிட்டாள். மறுநாள் வெறும் ஊறுகாயும் சோறும் தின்றுவிட்டு, விஞ்ஞானி ஒகிதாவையும் பட்டினி போட்டு இழுத்து வந்தாள்.

“எந்த ஊர்க் கிருமின்னு கேக்கறாங்க, சார். சொல்லுங்க.”

ஒகிதா விழித்தார். “எந்த ஊரும் இல்லீங்க. உங்க மண்ணுல இருக்கறதுதான். இப்பவும் அந்த விஷத்தைத் தின்னுக்கிட்டுதான் இருக்கு. தெம்பு போதலை. நாங்க தீனி மட்டும் போடுவோம்.”

நாங்கள் தூங்கியபோதும் சண்டை போட்டபோதும், எங்கள் காலடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் யாரும் சொல்லாமலே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. மிட்சுயோ முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

“விஷம் தீந்துட்டா இதுங்க என்ன ஆகும்?”

“தின்ன ஒண்ணும் இருக்காது. பெரும்பாலும் செத்துடும்.”

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே எழுந்தாள். “குழாயை இறக்குங்க” என்றாள் கடைசியில்.

அதன்பின் தீனி கலந்த தண்ணீர் இறங்கிய நாட்களில் எல்லாம் அவள் முற்றத்தில் செருப்போடு நடக்கவில்லை. நான் கேலி செய்தேன். பிறகு நானும் கழற்றினேன்.

சில வருஷம் கழித்து, குசகாபே ஓட்டமும் நடையுமாக வந்தாள். “மிட்சுயோ அம்மா, தண்ணி சுத்தம். சொட்டு விஷம் இல்ல. இந்தக் குளிர்காலத்துக்கு சாகே போடலாம்.”

தெருவே கைதட்டியது. மிட்சுயோ தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“அப்ப மண்ணுல இருந்ததுங்க எல்லாம் போயிடுச்சா?” என்றாள்.

குசகாபே தலையாட்டினாள். மிட்சுயோ மண்ணைப் பார்த்து, இழவு வீட்டில் குனிவதுபோல இடுப்பு வளையக் குனிந்தாள். ஒவ்வொருவராக நாங்களும் குனிந்தோம். எத்தனையோ நாள் ஏங்கிய தண்ணீர்தான், அன்று மட்டும் யாரும் வாளி இறக்கவில்லை.