கொளுத்தாத மெழுகுதிரி

பாரிஸ் லா ஷப்பலில் உடுப்புத் திருத்தும் கடையில் எனக்குப் பக்கத்து மெசினில் ஒரு யூதப் பெண் தைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான். 2009 மே மாதத்துக்குப் பிறகு என் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மகளை வயிற்றில் சுமந்துகொண்டு நான் முன்னால் வந்தேன். பின்னால் வருகிறேன் என்றவர் வன்னியில் நின்றுவிட்டார்.

ஒரு குளிர்காலத்தில் அவள் கண்ணாடிக் குவளையில் வார்த்த மெழுகுதிரிகளை வாங்கிவந்தாள். ஒரு முழு நாள் எரியுமாம். ஆன்மாவுக்காக என்றாள். ஒன்று கேட்டேன், தந்தாள். இவர் வரவேண்டுமென்று ரூ பஜோல் கோயில் பிள்ளையாருக்கு ஏற்கெனவே நேர்த்தி வைத்திருந்தேன். அது போதாதென்று இதையும் வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு முன்னால் கொளுத்தப்போவதாகச் சொன்னேன். அவளுடைய மெசின் நின்றது.

அது இறந்தவர்களுக்குக் கொளுத்துவது என்றாள். அவளுடைய தாத்தாவை இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இதே பாரிஸிலிருந்துதான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இறந்த நாள் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கென்று குளிர்காலத்து விரத நாளொன்றை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் திவசம் கொடுக்கலாமென்று எங்கள் உறவுக்காரரும் சொல்லிப் பார்த்தவர்கள்தான். நெற்றிப் பொட்டைக் காட்டி அவர்கள் வாயை அடைத்திருந்தேன். பொட்டு வைத்தவள் கையில் இதையா கொடுப்பாய் என்று இவள் மீதும் பொரிந்து தள்ளினேன்.

நான் ஓயும்வரை இருந்துவிட்டு, தங்கள் நம்பிக்கையைச் சொன்னாள். தூங்கும்போது உயிரைக் கடவுளிடம் ஒப்படைக்கிறோமாம். விடிந்ததும் திருப்பித் தருகிறாராம். கட்டிலை விட்டு இறங்குமுன் அதற்கு நன்றி சொல்வார்களாம். ஒவ்வோர் ஆன்மாவும் வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு வேலையோடு வருகிறது, அதற்காகத்தான் திருப்பித் தருகிறார் என்றாள்.

நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். மகளை இவர் இன்னும் பார்க்கவில்லை. அந்த வேலையை வேறு யார் செய்வது? அது முடியாமல் எப்படிப் போவார் என்று கேட்டேன்.

"என் அப்பாவையும் தாத்தா பார்த்ததில்லை" என்றாள் அவள்.

அவளுடைய மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது. மெழுகுதிரியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏனோ கொடுக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் இரண்டு உயிருக்கும் சேர்த்து நன்றி சொல்லி வருகிறேன். என்னுடையதைத் திருப்பித் தந்ததற்கு ஒன்று, எங்கேயோ இவருடையதைத் தந்ததற்கு ஒன்று. இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

பாரிஸ் புறநகரில் லா கூர்னெவ்விலிருந்து பொண்டிக்கு வீடு மாறியபோது மெழுகுதிரியும் கூடவே வந்து, மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் குந்திக்கொண்டது. போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் கரண்ட் போனது. என்னைவிட உயர்ந்துவிட்ட மகள் அதைத் தேடி எடுத்து லைட்டரைத் தட்டினாள். பாய்ந்து பறித்தேன்.

எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லுகிறவள் அன்றைக்குத் தமிழில் கேட்டாள்: "அம்மா, இது அப்பாவுக்கோ?"

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

"அப்ப அதைத் திரும்ப உள்ளுக்கை வையுங்கோ" என்றாள்.

கைபேசியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அந்த வெளிச்சத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய நாடி, இவருடைய மூக்கு. இவர் மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை.