ஐந்தருவிக்கு மாமா எழுதிய நிரல்

தென்காசியில் இருந்த நாங்கள் அம்மாவின் தம்பிக்குச் செங்கோட்டையில் பெண் பார்த்து, இரு வீட்டாரும் இன்னும் வாய் திறந்து சரி சொல்லாமல் இருந்த ஆவணி மாதம் அது. நான் மூன்றாம் வகுப்பு. கிழமை ஞாயிறு என்பதில் சந்தேகமில்லை. மறுநாள் எண்ணெய் வழியும் முகத்தோடு பள்ளிக்கூடம் போக நேருமோ என்று நான் கவலைப்பட்டது நினைவிருக்கிறது.

பெண் வீட்டாரை ஐந்தருவிக்குக் குளிக்க அழைக்கலாம் என்று யோசனை சொன்னது மாமாதான். சீசன் முடிகிற நேரம். ஐந்து கிளைகளில் எதில் தண்ணீர் விழும் என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் தடுப்பு வைத்திருந்தபடி, அருவியைப் பார்த்து நின்றால் இடப்பக்கத்து இரண்டு கிளைகள் பெண்களுக்கு, மற்ற மூன்றும் ஆண்களுக்கு. ஒரு போன் போட்டு விசாரித்தால் தீர்ந்துபோகும் காரியம். மாமா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்ததால் அதற்கு ஒரு நிரல் எழுதினார்.

அருவிப் பாதையில் சிப்ஸ் கடை வைத்திருந்த அவருடைய கூட்டாளி, இடப்பக்கத்திலிருந்து கிளை கிளையாகப் பார்த்து, தண்ணீர் விழுந்தால் ஒன்று, விழாவிட்டால் பூஜ்யம் என்று ஐந்து இலக்கம் அனுப்ப வேண்டும். பெண்கள் பகுதிக்கு 11000 என்று நிரலில் முன்பே இருக்கும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ‘ஆண்ட்’ என்ற குறியைப் போட்டால், மேலும் கீழும் ஒன்று இருக்கிற இடத்தில் மட்டும் ஒன்று நிற்கும், மற்றதெல்லாம் பூஜ்யம். பெண்கள் பக்கமாகவும் இருக்க வேண்டும், தண்ணீரும் விழ வேண்டும் என்று பொருள்.

காலையில் 11100 வந்தது. மாமாவின் போன் பச்சை காட்டியது. இரு வீட்டுப் பெண்களும் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு வேன்களில் போய் இறங்கினோம்.

ஆண்கள் பக்கம் மூன்று கிளைகளும் கொட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் பாறையில் ஒரு குரங்கு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“மொட்டப் பாறையக் காட்டவா எண்ணெ தேய்க்கச் சொன்னாவ?” என்றாள் பெண்ணின் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. “சம்பந்தம் போச்சு” என்று சித்தி முணுமுணுத்தாள்.

மாமா கூட்டாளியிடம் பாய்ந்தார். “ஏலே, கண்ணு தெரியுதா இல்லையா ஒனக்கு?”

“ஏன், மூணுல விழுதுல்லா? எடது கைப்பக்கம் இருந்துதாம்லே எண்ணுனேன்!”

பெண்ணுக்கும் சென்னையில் மாமா பார்த்த அதே வேலை. அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள். “அண்ணாச்சி, கடைக்குள்ள நீங்க எப்படி நிப்பீங்க?”

அவர் நின்று காட்டினார். வருகிற ஆட்களைப் பார்த்து, அருவிக்கு முதுகைக் காட்டி. கழுத்து மட்டும் பின்னால் திரும்பியது. அவருடைய இடது எங்களுக்கு வலது.

“ஆண்ட் போட்டதெல்லாம் சரிதான்” என்றாள் மாமாவிடம். “வந்த நம்பரத் திருப்பிப் போடாததுதான் தப்பு. 00111. இப்பப் பாருங்க, ஒண்ணுகூட மிஞ்சாது. அடுத்த தடவை எழுதினா மொதல்ல எனக்கு அனுப்புங்க. நான் பாத்துச் சொல்லுதேன்.”

மாமா அசடு வழியச் சிரித்தார். பெரியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தத் தலையோட எப்படித் தென்காசி போவிய? எங்க வயல் பம்புசெட்டுல வந்து குளிங்க” என்றாள்.

குளித்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மாமா சாப்பாட்டை மறந்து எழுதியதை ஒருத்தி ஊர் முன்னால் தப்பு என்று சொல்லிவிட்டாள். இனி அவளிடம் காட்டித்தான் எழுத வேண்டுமாம். இந்தப் பெண் மாமாவுக்கு வேண்டாம் என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா அதைச் சித்தியிடம் சொல்ல, சித்தி உரக்கச் சொல்ல, வேனே சிரித்தது. முன் சீட்டிலிருந்த மாமாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அவள் சொன்னதில் ‘அடுத்த தடவை’ என்று ஒன்று இருந்ததை அந்த வேனில் நான் ஒருத்திதான் கவனிக்கவில்லை.