பால் காய்ச்சப் போகும் வண்டியில் அடைத்த குழாய்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்ற வாரம் என் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் அடிக்குழாயை மாற்ற வந்த இளைஞர், கழற்றிய பழைய குழாய் வளைவை என்னிடம் நீட்டி, “செத்த நேரம் பிடிங்க ஆச்சி” என்றார். வாங்கிய மாத்திரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய வளைவொன்றை மடியில் ஏந்தி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பேருந்தில் பயந்தபடி சென்றவள் நான்.

என் தாய்மாமன் ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளிக்குக் கார் ஓட்டினார். சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. முன்பிருந்த ஓட்டுநர் கார்க்கதவில் ஒரு கீறல் விழுந்ததற்காக வேலையை இழந்தவர் என்பதை எங்கள் வீட்டில் அனைவரும் அறிந்திருந்தோம். அந்த முதலாளி, தேயிலைத் தோட்டத்தை விட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து, காரின் பின்னால் கட்டி இழுக்கும் சிறு வீடொன்றை வாங்கியிருந்தார். இரண்டே சக்கரம். உள்ளே படுக்கைப் பலகை, எண்ணெய் அடுப்பு, ஒரு சாண் ஆழத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி. செண்பகத்தோப்பில் இருந்த தம் மாந்தோப்பில் அதை நிறுத்தி, புதுமனைக்குச் செய்வது போலவே பால் காய்ச்ச அவர் நாள் குறித்திருந்தார். ஆகவே முதல்நாள் காலையில் மாமா அதனை இழுத்து வந்து, வழியிலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். காரை மில் ஆள் ஒருவர் திருப்பிக் கொண்டுபோனார்; மாலை நான்கு மணிக்கு முதலாளி அதிலேயே வந்து பார்வையிட்ட பின் தோப்புக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு.

அதன் வாசல் மிகக் குறுகல். ஒல்லியான மாமாவே ஒருக்களித்துத்தான் நுழைவார். என் தம்பியை நிறைமாதமாகச் சுமந்திருந்த அம்மா, கீழே நின்றபடியே சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அடுப்பின் மேல் வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற கரிபிடித்த சட்டி இருந்தது.

“ஏலே தம்பி, பால் காய்ச்சப்போற ஏனமா இது? சாம்பல் போட்டு வெளக்க வேண்டாமா?”

“நீ சும்மா இரு அக்கா. ஒண்ணயும் தொடக்கூடாதுன்னு உத்தரவு” என்று கூறிவிட்டு மாமா குளிக்கச் சென்றார்.

இருவரின் சொற்களில் அம்மாவின் சொல்லையே நான் உத்தரவாக ஏற்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சாம்பலும் ஒரு பிடி தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன். சட்டி பளபளத்தது. ஆனால் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்துச் சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது. குச்சியால் குத்தினேன், மிச்ச நாரும் உள்ளே சென்று அடைத்துக்கொண்டது. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வீட்டிற்குள் ஓடி, எவரும் சொல்லாமலே வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கினேன்.

அடைப்பைக் கண்ட மாமா, தொட்டியின் அடியில் குடைக்கம்பின் பிடி போல் வளைந்திருந்த குழாயைக் கழற்ற முயன்றார். பழைய ஈயக்குழாய், திருகிய வேகத்தில் வாய் பிளந்துவிட்டது. அவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. “நாலு மணிக்கு வந்துருவாவ. எம்பொழப்பு போச்சுக்கா” என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் வாய்ப்பாடு எனக்கு மறந்துபோயிற்று.

எங்கள் ஊர்க் கடைகளில் நேர்க்குழாய்தான் இருந்தது. மாமா பிளந்த வளைவைத் தினத்தாளில் சுற்றி, “ஏட்டி, நீயும் வா. இதப் பிடிச்சுக்க” என்றார். என்னை ஏன் அழைத்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. வழிநெடுகக் காகிதத்தின் ஈரம் என் மடியில் கசிந்துகொண்டிருந்தது.

ராஜபாளையத்தில் இரும்புச் சாமான் விற்ற பாய், வளைவை வாங்கித் தட்டினார். நாரும் சாம்பலும் உருண்டையாக விழுந்தன.

“என்னப்பா, வெள்ளக்காரன் சாம்பலா திம்பான்?”

நான் மாமாவின் பின்னால் ஒதுங்கினேன்.

“பழைய அழுக்கு பாய்” என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

“பித்தளையில ஒண்ணு கெடக்கு, கொண்டுபோ. அவசரத்துக்கு நேர்க்குழாயப் போட்டுப்புடாத. வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். நின்னாத்தான் கீழ உள்ள நாத்தம் மேல ஏறாது.”

திரும்பி வந்து பூட்டும்போது பித்தளை வளைவின் வாய் சற்றுப் பெரிதாக இருந்தது. மாமா பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி இடையில் வைத்தார். சொட்டியது. மீண்டும் கழற்றிச் சணலைச் சுற்றி இறுக்கினார். அப்போதும் சொட்டியது. டியூபை இரண்டாக மடித்து வைத்த பிறகே நின்றது. கார் ஒலி கேட்டது.

முதலாளி ஒருக்களித்து ஏறினார், குனிந்து பார்த்தார்.

“இந்த வளைவு புதுசால்ல இருக்கு?”

“நாந்தான் மாத்துனேன் முதலாளி. அடைச்சுக்கிருச்சு.”

“எப்படி அடைச்சது?”

அப்போது இடுப்பில் கையூன்றி அம்மா முன்னே வந்தார்.

“நாந்தேன் முதலாளி. உள்ள ஏறிச் சாம்பல் போட்டு ஏனம் வெளக்குனேன். எந்தம்பி மேல தப்பில்ல.”

முதலாளி அம்மாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். பின்னர் அவர் பார்வை என் மீது விழுந்தது. நகங்களில் சாம்பல் இருந்தமையால் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“ஏம்மா பாப்பா, இப்பத் தண்ணி எறங்குதா?”

“எறங்குதுங்க.”

“அப்பச் சரி. சட்டியும் பளபளன்னுதான் இருக்கு” என்றவர், மாமாவைப் பார்த்து, “கெளம்பு, தோப்புக்குப் போவோம்” என்றார்.

நான் தெய்வத்திற்கு நன்றி கூறினேன். நான் சாம்பல் போட்ட அதே நாளில் அம்மாவும் போட்டது எத்தகைய அதிர்ஷ்டம்! மாமா, பாய், முதலாளி ஆகிய பெரியவர்கள் இவ்வளவு எளிதில் ஏமாறுவார்களா என்று வியப்பும் அடைந்தேன். அம்மா எப்பொழுது ஏறினார், அந்த வாசலில் எவ்வாறு நுழைந்தார் என்ற வினா எனக்குத் தோன்றவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, நானே நிறைமாதமாக ஒரு பேருந்தின் படியில் ஒருக்களித்து ஏற முயன்று முடியாமல் நின்றபோதுதான் தோன்றியது.

அம்மாவும் மாமாவும் இன்று இல்லை. அன்று அம்மா அந்த வண்டிக்குள் ஏறவில்லை என்பதற்குச் சாட்சியாக இருந்தவன் வயிற்றிலிருந்த என் தம்பி ஒருவனே. அவனுக்கு இது தெரியாது. என்றேனும் அவன் கேட்டு வந்தால் கொடுக்கும்படி, இக்குறிப்பை, ஊர்க்கதைகளைத் தொகுக்கும் தங்கள் நூலகத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.