வயலுக்கு எழுதிய சட்டம்

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் மீன் இல்லை.

சாய்ந்தமருதில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு பருப்பும் முட்டையும் தின்கிறேன். காரணம்? சட்டம்! அதுவும் நானே எழுதிய சட்டம்...

நான் குடியிருப்பது மனைவியின் வீட்டில். இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார் எல்லாரும் அப்படித்தான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவியின் தம்பி நிசார் தோணிக்காரன். அவன் தோணி கரைக்கு வந்தால் எங்கள் கறிக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற மீன் விலைக்குப் போகும். கடலில் இல்லாத நேரமெல்லாம் அவன் ஊர்க் கிரிக்கட் கழகத்தின் தலைவன்.

போன வருடம் அந்தக் கழகம் நற்பிட்டிமுனைக்கு விளையாடப் போனது. அங்கே மைதானத்தைச் சுற்றி வயல். பந்து வயலுக்குள் விழுந்தால் இரண்டு ஓட்டம்தான் என்று அவர்களுக்கு ஒரு சட்டம். பயிரை மிதிக்க விடுவார்களா? நிசார் வானத்துக்கு அடித்ததெல்லாம் இரண்டு இரண்டாகச் சுருங்கியது. தோற்றவன் நேரே என்னிடம் வந்து நின்றான்.

"மச்சான், ஊருக்கொரு சட்டம் வெச்சா எப்பிடி விளையாடுற? எல்லாருக்கும் ஒரே சட்டம் வேணும். நீங்க குடியியல் படிப்பிக்கிற ஆள்தானே, எழுதுங்க!"

விடுவேனா? எல்லாக் கழகங்களையும் சேர்த்து ஒரு சம்மேளனம். அதற்கு ஒரு யாப்பு, அதாவது அடிப்படைச் சட்டம். வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற பாடத்தை மைதானத்தில் இறக்க ஒரு சந்தர்ப்பம்! சமஷ்டி, அதாவது கூட்டாட்சி நாடுகளில் என்ன நடக்கிறது? மாநிலம் தனக்கென்று சட்டம் செய்யலாம். ஆனால், மத்திக்கு அதிகாரமுள்ள விடயத்தில் இரண்டும் மோதினால், மத்தியின் சட்டம்தான் நிற்கும். நம் நாட்டில் 'சமஷ்டி' என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் — கிரிக்கட்டில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

எழுதிவிட்டேன். பந்து எல்லைக்கு அப்பால் நேரே போய் விழுந்தால், எந்த ஊரிலும் சிக்ஸர். கழகத்தின் சட்டம் சம்மேளனச் சட்டத்தோடு முரண்பட்டால், சம்மேளனச் சட்டமே செல்லும். கடைசியில் கொஞ்சம் ஆசைப்பட்டு, 'யாப்பில் சொல்லப்படாத அனைத்தும் செயலாளரின் பொறுப்பு' என்றும் சேர்த்தேன். செயலாளர் யார்? வேறு யார்!

கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் நிசார்.

போன வெள்ளி, அஸர் தொழுகைக்குப் பிறகு இறுதிப் போட்டி. எங்கள் கடற்கரையில். எதிரில் — நற்பிட்டிமுனை! கடைசி ஜோடி, கடைசிப் பந்து, அவர்களுக்கு ஐந்து ஓட்டம் வேண்டும். நிசார் வீசினான். நற்பிட்டிமுனை அஸ்மி கண்ணை மூடிக்கொண்டு ஒரு விளாசு. எல்லையாக நின்ற தோணிகளைத் தாண்டி, பந்து கடலில்!

ஊரே துள்ளியது. "அவுட்! அவுட்!"

எங்கள் கடற்கரையில் பந்து கடலில் விழுந்தால் அவுட். நிசாரின் வாப்பா விளையாடிய காலத்துச் சட்டம். பின்னே, அடிக்கடி யார் நீந்துவது?

அஸ்மி அசையவில்லை. "சேர், யாப்பு என்ன சொல்லுது?"

நடுவர் என்னைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. நிசார் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்: "மச்சான், யோசிச்சுக் கதைங்க. நாளைக்கு நல்ல சூரை வரும்."

பொரித்த சூரை மீன் என் நாக்கில் வந்துவிட்டுப் போனது. சத்தியமாகத் தடுமாறினேன். ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது?

"சிக்ஸர்..." என்றேன். எனக்கே கேட்காத குரல். நற்பிட்டிமுனைக்காரருக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

நிசாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தச் சட்டம் வயலுக்கு எழுதச் சொன்னதுதானே மச்சான்!"

"எழுதினா கடலுக்கும்தான் தம்பி."

நாம் எல்லாரும் இப்படித்தான், இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலான ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கும்போது, அது அடுத்தவன் வயலில் மட்டும் இறங்கும் என்று நினைக்கிறோம். மாகாண சபைக்காரர் கொழும்புச் சட்டத்தை ஒரு நாள் புகழ்வதும் மறுநாள் திட்டுவதும் வேறு எதனால்?

கதை அங்கே முடியவில்லை. வென்ற பந்து தனக்கு நினைவாக வேண்டும் என்றான் அஸ்மி. பந்து அலையில் ஆடிக்கொண்டிருந்தது. நிசார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கட்டினான்.

"மச்சான், கடல்ல உழுந்த பந்த ஆரு எடுக்கிற எண்டு யாப்புல இரிக்கா?"

"இல்லை."

"இல்லாததெல்லாம் செயலாளர்ர பொறுப்பு எண்டு நீங்கதானே எழுதின?"

கூட்டம் விசிலடித்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். வேறு வழி? இடுப்பளவு தண்ணீரில் பந்தை எட்டிப் பிடித்தபோது கரையிலிருந்து அவன் குரல்:

"அப்பிடியே மீனையும் புடிச்சிட்டு வாங்க மச்சான்! இனி நம்மட தோணி மீன் வராது!"

வீட்டுக்கு வந்ததும் யாப்பைப் புரட்டிப் பார்த்தேன். மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆக, அதுவும் என் பொறுப்புத்தான்.