மன்னார் ஆக்களுக்கு மட்டும்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், மீன் வியாபாரிகளின் குளிரூட்டிகளைத் திருத்திக் கொடுக்கும் டிலக்‌ஷனிடம், கொழும்பில் இருந்தாயா என்று கேட்டால் "ஓம், பதினொரு மாதம்" என்பான். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டால் கையிலிருக்கும் வேலையைக் கவனிக்கத் தொடங்கிவிடுவான். வேலை பறிபோனதால் வரவில்லை. கம்பனியில் நல்ல சம்பளம். மனைவி மேரிசெல்விக்குத் தலைநகரின் பெரியாஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை. ஒரு வாடகை வீட்டைத் தெரிவு செய்ததில்தான் எல்லாம் பிழைத்தது.

மேரிசெல்வி வங்காலைப் பிள்ளை, வேதக்காரக் குடும்பம். அவன் வங்காலையிலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே, வயற்கரைக் குடியேற்றத்தில் பிறந்தவன். அவனுடைய தகப்பன் பொன்னையா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் எரிந்தபோது பத்தொன்பது வயதில் இங்கே வந்தார். காடு வெட்டினார், அடுத்தவர் வயலில் நாற்பது வருடம் வரம்பு கட்டினார். மகன் மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்து, மன்னார்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, மன்னார் வெயிலில் கறுத்தவன். அப்படியிருந்தும் ஊர் அவனை மன்னார் ஆள் என்று சொன்னதில்லை. தோட்டக்காட்டான் என்றது. ஒரு மனிதன் ஓரிடத்துக்குச் சொந்தக்காரனாக எத்தனை தலைமுறை அங்கே மண் சுமக்க வேண்டும் என்று எந்தக் கந்தோரிலும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கணக்கை மற்றவர்கள் தங்கள் வாயில் வைத்திருக்கிறார்கள்.

காதலித்துக் கட்டினார்கள். அதற்காக அவன் ஞானஸ்நானம் எடுத்தான். பள்ளிக்கூடத்துச் சிரிப்புக்குப் பயந்து, வெளியில் இறங்கினால் மன்னார்ப் பேச்சும் வீட்டுக்குள் தாய் தகப்பனோடு தோட்டத்துப் பேச்சுமாக இரண்டு நாக்கு வளர்த்திருந்தான். பொன்னையாவுக்கு ஒன்றுதான் இருந்தது.

கொழும்பில் அவர்கள் பார்த்த முதல் வீடு தெமட்டகொடையில். கீழே ஒரு மோட்டார் கறாச், மேலே இரண்டு அறை. வீட்டுக்காரர் அப்துல் ஹமீட், மன்னார்ப் பக்கத்து முசலிக்காரர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது உடுத்த சாரத்தோடு வந்தவர்.

"எந்த ஊர், என்ன ஆக்கள் எண்டெல்லாம் கேக்கமாட்டன் மகன். அத என்னட்டக் கேட்டவங்களால நான் பட்டது போதும்" என்றார். "படி செங்குத்து, மழைக்கு வழுக்கும். கக்கூஸ் கீழ, கறாச் பெடியங்களுக்கும் அதுதான். இத மட்டும் இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு என்னைப் பேசப்படாது."

கீழே இறங்கியதும் மேரிசெல்வி சொன்னாள்: "மனிசன் நல்ல மனிசன்தான். ஆனா இரவு வேலை முடிஞ்சு வந்து அந்தக் கக்கூசுக்கு ஆர் போறது? அம்மா வந்து பாத்தா வாயை மூடுவாவே?"

அவள் சொன்னதில் பிழையில்லை. யார் வந்து பார்ப்பார்கள் என்று இருவரும் யோசித்தார்கள். யார் வந்து தங்க வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில். முன் வீட்டில் இமெல்டா அன்ரி தனியாக இருந்தார். பேசாலையில் பிறந்து, கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து முப்பது வருடம். கணவர் செத்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். பின்பக்கம் மாபிள் பதித்த இரண்டு அறை, தனிக் குளியலறை, தனி வாசல்.

"நான் மன்னார் ஆக்களுக்கு மட்டும்தான் குடுக்கிறது" என்றார் அன்ரி, தேத்தண்ணியை நீட்டியபடி. "எங்கட சனமெண்டா ஒரு நம்பிக்கை. முந்தி ஒருக்கா தோட்டக்காட்டு ஆக்களை வைச்சுப் பட்டது போதும். நீங்கள் எந்த இடம் பிள்ளை?"

"வங்காலை அன்ரி."

அன்ரிக்கு மேரிசெல்வியின் பெரியம்மாவைத் தெரிந்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தம்பியும் சொந்தத்துக்குள்ளதானோ?"

மேரிசெல்வி அவனைப் பார்த்தாள். அவன் மாபிளைப் பார்த்தான்.

"ஓம் அன்ரி" என்றான் டிலக்‌ஷன். "தூரத்துச் சொந்தம்."

பொய்யை மேரிசெல்வி சொல்லவில்லை, அவன்தான் சொன்னான். இதைப் பிற்பாடு அவனே எத்தனையோ தடவை தனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டான். எழுந்து போயிருக்கலாம். தெமட்டகொடைக்கு பஸ் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவனுக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில் சொல்லுமுன் தன்னை ஒளித்துக்கொள்ளப் பழகியிருந்தான். நல்ல மனிதர்கள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்கிற கேள்விக்கு எதிராகக் கோபப்படவும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் ஒரு குறையுமில்லாமல் போனது. அன்ரி மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் பின்வாசலுக்கு வரும். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை டிலக்‌ஷன் காசு வாங்காமல் திருத்தினான். பிறகு பொன்னையாவின் குடலில் கட்டி என்று மன்னாரில் சொன்னார்கள். கொழும்பில் கதிர்ச் சிகிச்சை, வாரம் ஐந்து நாளாக ஐந்து கிழமை, மொத்தம் இருபத்தைந்து தடவை. விடாமல் எடுத்தால் கட்டி கரையும், வயது தாங்கும் என்றார் டொக்டர். மகனுடைய வீடு கொழும்பில் இருக்கிறதே, அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்.

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து தகப்பனைக் கூட்டி வரும் ஓட்டோவுக்குள் டிலக்‌ஷன் விஷயத்தைச் சொன்னான். சொல்வதற்கு முன் தகப்பனுடைய நெற்றித் திருநீற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தான்.

"வீட்டுக்காரம்மா கொஞ்சம் ஒரு மாதிரிப்பா. நீங்க பேசினா கண்டுபுடிச்சிருவாங்க. அஞ்சு வாரந்தான். அவங்க முன்னுக்குப் பேசாம இருந்துருங்க."

பொன்னையா கடலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அதுக்கென்னா. ஒங்கம்மா முப்பது வருசமா எங்கிட்டக் கேட்டது இதத்தானே."

முதல்நாளே அன்ரி பின்வாசலுக்கு வந்தார். "வாங்கோ ஐயா, பயணம் எப்பிடி?" பொன்னையா கைகூப்பித் தலையாட்டினார். அன்ரி இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். இன்னும் இரண்டு தலையாட்டல். அன்ரி மேரிசெல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன பிள்ளை, மாமாவுக்குப் பேச்சு வராதோ?"

ஒரு தாதி, நோய் விபரத்தில் பொய் எழுதாதவள், அன்றைக்கு "ஓம் அன்ரி, சின்னனிலயிருந்தே" என்றாள். வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு பொன்னையா ஊமையானார். முன்வீட்டின் குசினி யன்னல் பின்வீட்டுக் கூடத்தைப் பார்த்தபடி இருந்தது, அதனால் பகல் முழுக்க வாயைத் திறக்க வழியில்லை. வரம்பில் நின்றுகொண்டு அடுத்த வயற்காரனோடு கத்திக் கதைக்கிற மனிதர் அவர். மாட்டோடும் கதைப்பார், மழையோடு சண்டை பிடிப்பார். இங்கே சாப்பாடு போதுமென்றால் கையைக் காட்டினார். நோவு வந்தால் கதிரையின் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரி வரிசையில் மட்டும் பேசினாராம், முன்பின் தெரியாதவர்களோடு, நேரம் போதாத மாதிரி.

அன்ரி உருகிப் போனார். தினமும் சூப். ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தவர், கடதாசியில் மடித்துக் கொஞ்சம் மண் கொண்டுவந்தார். மடு மண் பாம்புக்கடிக்கும் தீராத வருத்தத்துக்கும் மருந்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மண்ணால் நோய் மாறுமென்றால் வாழ்நாளெல்லாம் மண்ணில் புரண்ட பொன்னையாவுக்குக் கட்டியே வந்திருக்கக் கூடாது. அது போகட்டும். அன்ரி அந்த மண்ணைத் தண்ணீரில் குழைத்து, கதிரையில் இருந்த அவருடைய தொண்டையில் தன் விரலால் பூசினார்.

"மாதாவே, இந்த ஏழை மனிசனுக்கு வாயைத் திறந்துவிடு தாயே. தன்ர மகனை ஒருக்காவாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுப்போட்டுச் சாகட்டும்."

அன்ரி அழுதுகொண்டே சொன்னார். பொன்னையாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்றுதான் டிலக்‌ஷன் முதலில் நினைத்தான். அருகில் போய்ப் பார்த்தபோது கண்ணால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிய பொன்னையா பையைக் கட்டி வைத்திருந்தார். அதுவரை பதினொரு தடவை சிகிச்சை முடிந்திருந்தது.

"நடுவுல விட்டா பிரயோசனமில்லப்பா. டொக்டர் சொன்னது கேக்கலியா?"

"கேட்டுச்சு." பொன்னையா குரலைத் தணிக்கவில்லை. "எழுவத்தேழுல பஸ்ஸுல வரையில எங்கப்பா என் வாயைப் பொத்தினாரு. பேசினா வெட்டுவானுங்கன்னு. அது சரி. இங்க யாருடா வெட்டப்போறா? சூப்பு குடுக்குற பொம்பளைக்கிட்ட எதுக்குடா நான் ஊமையா இருக்கணும்?"

டிலக்‌ஷன் யன்னலைப் பார்த்தான். அந்த நேரத்திலும் யன்னலைத்தான் பார்த்தான். பொன்னையாவும் அதைக் கண்டார். அதற்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது.

"வேற வீடு பாக்குறேன்ப்பா" என்றான்.

"பாரு. பாத்துட்டு சொல்லு, மறுபஸ்ஸுல வர்றேன்."

அந்த வாக்குத்தான் இன்றைக்கும் அவனை அறுக்கிறது. தகப்பன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வீடு பார்க்கச் சொன்னார். முதல் கிழமை கம்பனியில் வேலை நெருக்கடி. இரண்டாவது கிழமை ஞாயிறு மழை. மூன்றாவது கிழமை, ஒரு வருடத்துக்கென்று கையெழுத்து வைத்துவிட்டு இடையில் எழும்பினால் அன்ரியிடம் என்ன காரணம் சொல்வது என்று யோசித்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் தேடினான், அது கிடைக்கவில்லை. நான்காவது கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு பார்த்துத் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தான். தாய்தான் எடுத்தார். அப்பா எழும்பி நடக்கிறதில்லை என்றார். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் பழைய தாள்களைப் புரட்டி, பதினொன்றுக்குப் பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

கார்த்திகையில் பொன்னையா செத்தார். கடைசிவரை பேசிக்கொண்டேதான் இருந்தாராம். டிலக்‌ஷன் வந்து சேர்ந்தபோது முடிந்திருந்தது. சுடலையில் அவன் கொள்ளி வைக்கலாமா, அவன் இப்போது வேதக்காரன் அல்லவா என்று இரண்டு பெரியவர்கள் சண்டை பிடித்தார்கள். உயிரோடிருந்தவரின் வாயைக் கட்டி வைத்ததைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. பிணத்துக்கு யார் நெருப்பு வைப்பது என்பது மட்டும் பெரிய பிரச்சினை. கடைசியில் அவனுடைய தம்பி வைத்தான்.

தை மாதம் அன்ரியின் வீட்டைக் காலி செய்தார்கள். மேரிசெல்வி மாற்றம் வாங்கி மன்னாருக்கு வந்தாள். அன்ரியிடம் வேலை விஷயம் என்று மட்டும் சொன்னார்கள். தன்னை இந்த நிலைக்குத் தள்ளியவர் அந்த மனுசிதான் என்று டிலக்‌ஷன் உள்ளே கறுவிக்கொண்டிருந்தான். அந்தக் கோபம் அவனுக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

அடுத்த ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வந்த இமெல்டா அன்ரி வங்காலையில் விசாரித்து, குடியேற்றத்துக்கே ஓட்டோ பிடித்து வந்துவிட்டார். ஒரு ஞாயிறு பின்னேரம். டிலக்‌ஷனும் அன்றைக்குத் தாயைப் பார்க்க வந்திருந்தான். தோட்டத்திலிருந்து வந்த சனத்தின் குடியேற்றம் இது என்று தெரிந்துதான் அன்ரி வந்திருந்தார். இருந்தும் வந்தார். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் அந்த மனிசன். ஒரு சொல் பேச ஏலாமலே போயிற்றார்" என்றார்.

தாய்க்கு விளங்கவில்லை. "யாருங்க, எங்க ஊட்டுக்காரரா? ஆஸ்பத்திரியில நர்சம்மா அதட்டினாக்கூட நிறுத்தமாட்டாருங்களே. சாகுற அன்னைக்கும் மாட்டுக்குத் தண்ணி வச்சியான்னு கேட்டுத் தொலைச்சாரு."

அன்ரி பிடித்த கையை விடவில்லை. முகம் மட்டும் மெல்ல மெல்ல மாறியது. தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். டிலக்‌ஷன் ஓட்டோ வரைக்கும் கூட நடந்தான்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லியிருந்தா இருக்க விட்டிருப்பீங்களோ அன்ரி?"

உடனே ஓம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் வெறுத்துவிடலாம் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான். அன்ரி வயலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கைப்பையின் வாயைத் திறந்து மூடினார்.

"வீடு கேட்டு வந்த அண்டைக்கெண்டா விட்டிருக்கமாட்டன்" என்றார் கடைசியில். "ஐயா வந்து இருந்த பிறகெண்டா… தெரியாது தம்பி. உண்மையா எனக்குத் தெரியாது. நீங்கள் என்னைக் கேட்டுப் பாக்கேல்லையே."

ஓட்டோ போய்விட்டது. கேட்டுப் பார்த்திருந்தால் என்ற ஒன்று இருந்தது என்பதை அன்றுவரை அவன் நினைத்ததேயில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்ட குற்றம் அன்ரியுடையது. அதில் சந்தேகமில்லை, அதை மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பிற்பாடு நாலு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தது அவனைத் தவிர வேறு யாருமில்லை.

திரும்பி வந்தபோது தாய் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்ல பொம்பளையாத்தானே தெரியுது. அதென்னடா, அப்பா பேசமாட்டாருன்னு நெனைச்சிக்கிட்டு இருக்காங்க?"

டிலக்‌ஷன் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னான். மாபிள், தேத்தண்ணி, தூரத்துச் சொந்தம், ஓட்டோவுக்குள் துடைத்த திருநீறு, தொண்டையில் பூசிய மண். தாய் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட இதெல்லாம் சொல்லல" என்றார். "கொழும்பு வெக்கை ஒத்துக்கலைன்னாரு. மகன் ராசா மாதிரி வச்சிருந்தான், எனக்குத்தான் இருக்கக் குடுத்து வைக்கலன்னு சொன்னாரு. இந்த லயினு பூரா அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."